நடந்து போகும்போது அடிபட்டால்: முதல் பத்து நாளில் செய்ய வேண்டியவை

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)

செயலாளர் என்னிடம் இருபது நிமிடம் என்றார். நான் வக்கீல், இருபது நிமிடத்தில் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. இன்று முயற்சி செய்கிறேன்.

முதலில் ஒரு சம்பவம். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். நம் குடியிருப்பில் நான்கு வீட்டில் வேலை செய்கிற அக்கா. வயது 42. போன ஐப்பசியில் ஒரு நாள் காலை ஆறேகால் மணி. பஸ் ஸ்டாப்பில் இறங்கி, நம் வடக்கு கேட்டுக்கு எதிரே சாலையைக் கடக்கிறார். எதிர்த்திசையில் வந்த ஒரு பைக் அடித்துவிட்டது. ஓட்டிவந்த தம்பி நல்ல பிள்ளை. ஓடிப்போகவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். போகிற வழியில் சொன்னார்: “அக்கா, போலீஸ் கேஸ்னு ஆச்சுன்னா உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் அலைச்சல். கீழே விழுந்துட்டேன்னு சொல்லிடுங்க. செலவுக்கு ஐயாயிரம் தரேன்.” அக்கா கையில் போன் இல்லை. மகளின் எண்ணுக்கு கூகுள் பேயில் பணம் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் “தவறி விழுந்ததால் காயம்” என்று எழுதினார்கள்.

முட்டிக்குக் கீழே எலும்பு முறிவு. பிளேட் வைத்தார்கள். ஐயாயிரம் ஸ்கேனுக்கும் ஊசிக்குமே போதவில்லை. அடுத்த வாரம் அந்தத் தம்பி போன் எடுக்கவில்லை. இன்று வரை அக்காவால் சம்மணம் போட்டு உட்கார முடியாது, குனிந்து வீடு துடைக்க முடியாது. நான்கு வீடு இரண்டானது. என்னிடம் வந்தபோது பங்குனி பிறந்துவிட்டது.

முதலில் நம் கேட் கேமராவைப் பார்க்கலாம் என்று ஓடினேன். பதினைந்து நாளுக்கு மேல் பதிவு தங்காது, பழையதன் மேலேயே புதியது ஏறிவிடும் என்றார்கள். ஐந்து மாதம் முன்பு அத்தனையும் அதில் இருந்திருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். அடிபட்ட பாதசாரிக்குச் சட்டத்தில் வழி நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போக முடியுமா, முடியாதா என்பது முதல் பத்து நாளில் எழுதப்படுகிற, அல்லது எழுதப்படாமல் போகிற காகிதங்களில் இருக்கிறது. அடிபட்டவர் அந்தப் பத்து நாளும் படுக்கையில் இருப்பார். அதனால் இது அவருக்கான பேச்சு இல்லை. பக்கத்தில் நிற்கப்போகிற உங்களுக்கும் எனக்குமான பேச்சு.

மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

முதல் மணி நேரம்

108ஐக் கூப்பிடுங்கள். “நான் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்” என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி உங்களை வற்புறுத்த முடியாது. ஆஸ்பத்திரியும் “முதலில் போலீஸ் வரட்டும்” என்று காத்திருக்கக் கூடாது. சிகிச்சைதான் முதலில், நடைமுறையெல்லாம் பிறகு என்று உச்சநீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது.

பணத்துக்கு இரண்டு திட்டங்கள். தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளில் கட்டணம் இல்லாமல் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. இரண்டாவது, 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் திட்டம்: விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. சேர்க்கும்போதே “இங்கே 48 திட்டம் உண்டா?” என்று கேளுங்கள்.

அடுத்தது, டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். “பைக் அடித்தது, சாலையைக் கடக்கும்போது, இத்தனை மணிக்கு” என்று சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் மருத்துவர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல்தான் பின்னால் கோர்ட்டில் முதலில் திறக்கப்படும் காகிதம். நம் ஊரில் அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். அதில் “விழுந்தார்” என்று ஒரு சொல் இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலுக்கு வேறு எதுவும் தேவையில்லை. நம் அக்காவின் வழக்கில் இன்றும் குறுக்கே நிற்பது அந்த ஒரு சொல்தான்.

போலீஸ்

அடித்த வண்டிக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் அவர் கடமை முடிந்ததாக நாம் நினைக்கிறோம். அது பாதிக் கடமைதான். 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கும் அவர் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 134ஆம் பிரிவு.

செலவுக்கு அவர் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளலாமா? வாங்கிக்கொள்ளலாம். மருத்துவச் செலவுக்குப் பணம் வாங்கியதால் புகார் கொடுக்கும் உரிமை போய்விடாது. ஆனால் அதற்குப் பதிலாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆஸ்பத்திரியில் பொய் சொல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சென்னையில் விபத்து வழக்குகளைப் பார்ப்பது போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. எல்லை தெரியவில்லை என்று தவிக்க வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசம்.

பல சமயம் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். புகார் வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அது சாட்சி, எஃப்.ஐ.ஆருக்கு மாற்று இல்லை. பதிவு செய்யவே மறுத்தால், புகாரை எழுத்து மூலம் துணை ஆணையருக்கு அனுப்புங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வழக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வரும். கொடுங்காயம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். “அந்தப் பிள்ளை ஜெயிலுக்குப் போவானே” என்று பலர் இரக்கப்படுவது எனக்குத் தெரியும். ஒன்று புரிந்துகொள்ளுங்கள். இழப்பீட்டை அந்தப் பிள்ளை தரப்போவதில்லை. அவர் வண்டியின் காப்பீட்டு நிறுவனம் தரப்போகிறது. மூன்றாம் நபர் காப்பீடு என்று ஆண்டுதோறும் நாம் எல்லாரும் கட்டுகிறோமே, அது இதற்காகத்தான். நடந்து போகிறவர்தான் அந்த மூன்றாம் நபர்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் முதல் விதிகள் மாறியிருக்கின்றன. போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். பத்து நாளுக்குள் பாதிக்கப்பட்டவரின் உரிமைகளை விளக்கும் படிவம் 2ஐ அவர் கையில் கொடுக்க வேண்டும். 90 நாளுக்குள் விரிவான அறிக்கை. போனால் “படிவம் இரண்டு கொடுங்கள் சார்” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விவரம் தெரிந்தவர் என்று தெரிந்தால் வேலை நடக்கும்.

இழப்பீட்டுக்கு மூன்று வாசல்

முதல் வாசல், மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவு. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடுவது. வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். தொகைக்கு உச்ச வரம்பு இல்லை. மருத்துவச் செலவு, சம்பள இழப்பு, வலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, போக்குவரத்து, எதிர்கால வருமான இழப்பு எல்லாம் இதில் வரும். அதனால் ஆட்டோ ரசீது முதல் மருந்துக்கடை பில் வரை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

எதிர்கால வருமான இழப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அக்காவின் வயதையே எடுத்துக்கொள்வோம்; மற்ற எண்கள் உதாரணத்துக்கு. மாதம் 12,000 வருமானம். 2017இல் உச்சநீதிமன்றம் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னபடி, நிரந்தர வேலை இல்லாத 40 முதல் 50 வயதுக்காரருக்கு எதிர்கால உயர்வாக 25 சதவீதம் சேர்ப்பார்கள். ஆக 15,000. ஆண்டுக்கு 1,80,000. 41 முதல் 45 வயது வரை பெருக்கு எண் 14. இது 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணை. பெருக்கினால் 25,20,000. வேலை செய்யும் திறனில் 25 சதவீதம் குறைந்தது என்று தீர்ப்பாயம் முடிவு செய்தால், அதில் கால் பங்கு: 6,30,000 ரூபாய். இதை ஐயாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த 25 சதவீதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருத்துவக் குழு காலுக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்று சான்று தரும். ஆனால் அந்தக் கால் அவர் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்றுதான் தீர்ப்பாயம் பார்க்க வேண்டும் என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. அதே முட்டி எனக்கு மடங்காவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்து வாதாடிவிடுவேன். குனிந்து நிமிர்ந்து பிழைப்பவருக்கு அது பிழைப்பே இல்லை. எனவே செய்யும் வேலையை விவரமாக எழுத வேண்டும். “வீட்டு வேலை” என்று இரண்டு சொல்லில் முடிக்கக் கூடாது.

“நான் ஹவுஸ் ஒய்ஃப், எனக்கு ஏது வருமானம்?” என்று கேட்கிற அம்மாக்களுக்கு: இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு உண்டு, அதற்கு ஒரு வருமானத்தைக் கணக்கிட்டே தீர வேண்டும் என்று 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்சநீதிமன்றம் மீண்டும் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது வாசல், 164ஆம் பிரிவு. யார் தவறு என்று நிரூபிக்கவே வேண்டாம். இறப்புக்கு ஐந்து லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், அவ்வளவுதான். சாட்சியே இல்லை, அல்லது தவறு கொஞ்சம் நம் பக்கமும் இருக்கிறது என்றால் இது நல்ல வழி. 166, 164 இரண்டும் மாற்று வழிகள். எது பொருந்தும் என்று கணக்குப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது வாசல், 161ஆம் பிரிவு. அடித்துவிட்டுப் போன வண்டி எது என்றே தெரியாதபோது. இறப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம். இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். வருவாய்த் துறையின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் விசாரிப்பார், மாவட்ட ஆட்சியர் அனுமதிப்பார். ஒரு மாதத்தில் வண்டியைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்தத் திட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்குப் போலீசே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு வந்த வழக்கு 2012இல் தொடுக்கப்பட்டது. தொடுத்தவர் வக்கீல் இல்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

“ஜீப்ரா கோட்டில் கடக்கவில்லையே?” என்பார்கள். அதனால் வழக்கு போய்விடாது. உங்கள் பக்கம் இத்தனை சதவீதக் கவனக்குறைவு என்று கண்டால் அந்த அளவு தொகை குறையும். எதிர்த்திசையில் வந்தவர், நடைபாதையில் ஏறி ஓட்டியவர் அந்த வாதத்தை வைப்பது கடினம்.

“ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, காப்பீட்டு நிறுவனம் தராதாமே?” பெரும்பாலும் தீர்ப்பாயம், முதலில் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும். வண்டிக்குக் காப்பீடே இல்லை என்றால் மட்டும் சிரமம். உரிமையாளர்தான் தர வேண்டும். வண்டி எண் இருந்தால், காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

“சார்ஜ் போடும் சின்ன ஸ்கூட்டர் அடித்தால்?” மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரில் ஓடுவது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. பதிவு எண் இருக்காது, காப்பீடு இருக்காது, தீர்ப்பாயமும் இல்லை. போலீஸ் புகார் கொடுக்கலாம், சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம். நம் வளாகத்துக்குள்ளேயே இவை ஓடுகின்றன. பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

“மூடியில்லாத மழைநீர் வடிகாலில் விழுந்தால்?” அது வாகன விபத்து இல்லை, வழி வேறு. அன்றே அந்த இடத்தை அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். 1913இல் மாநகராட்சிக்குப் புகார் செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுவோ சிவில் வழக்கோ போட அந்த எண்தான் அடிப்படை. நடைபாதையில் பாதுகாப்பாக நடப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆறு மாதம்

இதை மட்டுமாவது மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு போங்கள். 2022 ஏப்ரல் 1 முதல், 166ஆம் பிரிவு மனுவை விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். முன்பு பல ஆண்டுகள் இந்தக் கெடு இல்லாமல் இருந்தது. அதனால் “மெதுவாப் போடலாம், ஒண்ணும் அவசரமில்லை” என்று பழைய நினைவில் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்கு போயிருக்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். போலீஸ் அனுப்பும் அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அதையும் நம்பி உட்காராதீர்கள். காலண்டரில் வட்டம் போட்டு, ஆறு மாதத்துக்குள் நீங்களே போடுங்கள்.

எங்கே போடுவது? விபத்து நடந்த இடத்திலோ, நீங்கள் வசிக்கும் இடத்திலோ, எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ போடலாம். சென்னையில் உயர்நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இந்தத் தீர்ப்பாயங்கள் இயங்குகின்றன. லோக் அதாலத்திலும் பேசி முடிக்கலாம். சீக்கிரம் முடியும், ஆனால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வக்கீல் செலவு? பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வந்து “கேஸ் நான் பார்த்துக்கிறேன், வர்ற பணத்துல இத்தனை பர்சன்ட்” என்று பேசினால் விலகி நில்லுங்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது எங்கள் பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம். என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன், நம்புங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்று கோரிக்கை வைத்து முடிக்கிறேன்.

ஒன்று, நம் மூன்று கேட்டுகளுக்கு எதிரே எந்த விபத்து நடந்தாலும், யாரும் கேட்காமலேயே, அன்றே அந்த ஒரு மணி நேரக் கேமரா பதிவைத் தனியாக எடுத்துப் பென் டிரைவில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அந்தப் பதிவு கோர்ட்டில் செல்ல, கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று தர வேண்டும். அது செயலாளரின் வேலை என்று தீர்மானம் போட்டுவிடுவோம்.

இரண்டு, விபத்து நடந்த நேரம், இடம், வண்டி எண் மூன்றையும் செக்யூரிட்டி கேட் நோட்டில் எழுத வேண்டும். நம் காவலாளிகள் விருந்தினர் வண்டி எண்ணைத் தவறாமல் எழுதுகிறார்கள், இதையும் எழுதுவார்கள்.

மூன்று, இந்தப் பேச்சைப் படித்ததும், உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரிடம், டிரைவரிடம், பால் போடுகிறவரிடம் இரண்டே வரி சொல்லுங்கள்: “அடிபட்டால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு போன் போடுங்கள்.” காலை ஆறு மணிக்கு அந்தச் சாலையை நடந்து கடப்பவர்கள் அவர்கள்தான். நாம் அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறோம்.

அக்காவின் வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கேமரா இல்லை, ஏ.ஆர். காப்பி எதிராக இருக்கிறது. ஆனால் அந்த ஐயாயிரம் மகளின் போனில் இருந்தது: தேதி, காலை 7.02 மணி, அனுப்பியவர் பெயர். வாயை மூடக் கொடுத்த பணம்தான் இன்று எங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதை வைத்துப் புகார் கொடுத்து, ஆளையும் வண்டியையும் கண்டுபிடித்து, ஆறு மாதக் கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மனுவைத் தாக்கல் செய்தோம். விசாரணை நடக்கிறது. ஜெயிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நம் கேமராவில் பதினைந்து நாள் இருந்த அந்தப் பதிவு கையில் இருந்தால், வாக்குக் கொடுத்திருப்பேன்.